கச்சான் காலத்தில் பச்சிளம் பிள்ளையின் உறக்கம்

பிறந்த பிள்ளையின் உடல் வெளிச்சூட்டை விரைவாக வாங்கிக்கொள்ளும். உள்ளே சேர்ந்த சூட்டை மெதுவாகவே வெளிவிடும். எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரியவர்களுடையதைவிட மிக அதிகம். வியர்வைச் சுரப்பிகள் இருந்தும் முழுதாக வேலை செய்யத் தொடங்கியிரா. குறைமாதப் பிள்ளைகளுக்கு அனேகமாக வியர்ப்பதே இல்லை. போர்வையை உதறவோ புரண்டு நிழலுக்குப் போகவோ அதனால் முடியாது.

திருகோணமலையில் பிள்ளைக்கு இந்த வெக்கைச் சோதனை மே மாதமளவில் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் இறங்கும்போது வறண்ட கச்சானாக மாறிவிடும். பகலில் வெப்பம் 34, 35 பாகையைத் தொடும். துறைமுகக் கரையில் கடற்காற்று சற்று ஆற்றும். உள்ளே தள்ளிய குடியிருப்புகளில் அதுவும் குறைவு. வீட்டுக்குப் போட்ட தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ பகல் வெயிலின் சூட்டைக் கீழே இறக்கும். கிடுகும் ஓடும் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

வெயிலைவிட மூடிய அறையே பெரிய சிக்கல். துடக்குக் கழியும்வரை தாயையும் பிள்ளையையும் யன்னல் சாத்திய அறைக்குள் வைப்பதும், காத்துப் பட்டுவிடும் என்று பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் மாட்டி, மேலே துவாயையும் சுற்றுவதும் பல வீடுகளில் இன்னும் உண்டு. பிறந்தவுடன் ஈரம் துடைத்துப் போர்த்துவது சரியானதே. முதல் சில மணி நேரம் பிள்ளை குளிர்ந்துவிடும் ஆபத்து உண்மையானது. வீட்டுக்கு வந்த பிள்ளையின் கதை வேறு. அதன் உடல் சூடு வெளியேறும் முக்கிய வழிகளுள் ஒன்று தலை. வீட்டுக்குள் தொப்பி போடுவது அந்த வழியை அடைக்கிறது. அளவுமீறிச் சூடேறுவதற்கும் குழந்தைகளின் திடீர் உறக்க மரணத்துக்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, அல்லது நப்பி மட்டும், கச்சான் காலப் பகலுக்குப் போதும்.

குளிர்நாட்டுக் கைநூல்கள் பிள்ளையின் அறை 16 முதல் 20 பாகைக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. திருகோணமலையில் குளிரூட்டி இல்லாத எந்த வீட்டுக்கும் அது எட்டாத எண். அதற்காகக் கலங்கத் தேவையில்லை. பிடரியிலோ முதுகிலோ கை வைத்துப் பார்ப்பதே நல்ல அளவுகோல். அங்கே வியர்வையும் கொதிப்பும் இருந்தால் ஓர் உடுப்பைக் கழற்ற வேண்டும். பிள்ளையின் கையும் காலும் இயல்பாகவே சில்லென்றிருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துப் போர்த்துவதுதான் வழக்கமான தவறு.

மின்விசிறியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வைக்காமல் அறைக் காற்று நகரும்படி வைத்தால் கெடுதி இல்லை. 2008இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்று, மின்விசிறி ஓடிய அறைகளில் திடீர் உறக்க மரணம் குறைந்திருந்ததைக் கண்டது. ஓர் ஆய்வை வைத்து அதை மருந்தென்று சொல்ல முடியாது. காற்றுக்குப் பயப்படத் தேவையில்லை என்றளவில் கொள்ளலாம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அத்தகைய நாள்களில் பிள்ளையை வீட்டின் மிகக் குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றி, எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்துவிடுவதே வழி. ஐஸ் தண்ணீர் கூடாது.

படுக்க வைக்கும் முறை எல்லாக் காலத்துக்கும் ஒன்றே: எப்போதும் மல்லாக்க, பகல் தூக்கமானாலும். பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் இதை வலியுறுத்திப் பெரும் பிரசாரங்கள் தொடங்கின; அதன்பின் அந்நாடுகளில் திடீர் உறக்க மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மல்லாக்கப் படுத்தால் பால் கக்கிப் புரையேறும் என்ற அச்சம் பாட்டிமாருக்கு உண்டு. அந்நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது கடினம். படுக்கை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். அந்த வகையில் நிலத்தில் விரித்த பாய், கடையில் வாங்கும் மெத்தென்ற குழந்தை மெத்தையைவிட நல்லது. தலையணை, பக்கத் திண்டு, பொம்மை எதுவும் வேண்டாம்.

ஏணை விட்டுக்கொடுக்க மனம் வராத பொருள். வளையில் சேலையைக் கட்டி ஆட்டினால் அழுத பிள்ளை அடங்கும். அந்தச் சுகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் துணி வளைந்து கொடுப்பதால் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு வழி நெருங்கும். இரு பக்கத் துணியும் முகத்தருகே சேர்ந்து காற்றையும் தடுக்கும். கழுத்து நிமிராத முதல் மாதங்களில் இது அதிக ஆபத்து. ஆட்டித் தூங்கவைப்பது பெரியவர் கண்முன்னே நடக்கட்டும்; தூங்கியதும் பாய்க்கு மாற்றிவிட வேண்டும்.

தாயின் அறையிலேயே பிள்ளை உறங்குவது நம்மவர் வழக்கம். முதல் ஆறு மாதமாவது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இன்றைய மருத்துவமும் சொல்கிறது. ஒரே அறையில், தனிப் பாயில் என்பது பாதுகாப்பான ஏற்பாடு. புகைப்பவர், மது அருந்தியவர் பக்கத்தில் படுக்கக் கூடாது; பிள்ளையை மார்பில் போட்டபடி சாய்வுக் கதிரையில் கண்ணயர்வது அதைவிட மோசம்.

நுளம்பு வலை அவசியம். 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டபோது இம்மாவட்டத்துக் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். அது முகத்தில் தொய்ந்து விழாதபடி இறுகி நிற்க வேண்டும். நுளம்புச் சுருள் புகையும், குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாதவை. வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டுவதும் அப்படியே. காற்றோட்டமும் குளிப்பும் போதும்.

தாகம் எடுக்குமே என்று கொதித்தாறிய தண்ணீரோ ஓமத்தண்ணியோ கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 வீதம் நீர்தான்; ஆறு மாதம்வரை வேறொன்றும் தேவையில்லை. தண்ணீர் சிறு வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். வெக்கையில் அடிக்கடி பால் கொடுக்க வேண்டும்; முதல் கிழமைக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அறியலாம். பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதை நிறுத்தியாக வேண்டும். பால் கொடுப்பவள் வெக்கையில் வாடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் பிள்ளை படுக்கும் இடத்தையும் காட்டிக் கேட்கலாம். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் துவண்டு கிடந்தால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால், உடுப்பைக் கழற்றிய பின்னும் உடல் வெப்பம் 38 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மாவட்டப் பொது வைத்தியசாலை திருகோணமலை நகரிலும், தள வைத்தியசாலைகள் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ளன. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.