குருதிக்கு ஒரு வழி

சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியை இயந்திரத்தின் துணைகொண்டு தூய்மை செய்யும் சிகிச்சை இன்று பலரும் கேள்வியுற்ற ஒன்றாகிவிட்டது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்கள் வைத்தியசாலைக்குச் சென்று, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவ்வியந்திரத்தின் அருகே படுத்திருந்து மீள்வோர் நம் சுற்றத்தாரிடையேயும் உளர். இயந்திரத்தைப் பற்றி வியந்து பேசுவோர் பலர். உடலினுள்ளே ஓடும் குருதி எவ்வழியாக அதனைச் சென்றடைகிறது, எவ்வழியாக உடலுக்கு மீள்கிறது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வழி இல்லையேல் இயந்திரத்தால் யாதொரு பயனும் இல்லை. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன். நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். ஆதலின் பாடம் சொல்லும் முறையிலேயே சொல்வேன்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்களை நாடிகள் என்றும், இதயத்துக்கு அதனை மீளக் கொண்டுவரும் குழாய்களை நாளங்கள் என்றும் கூறுவர். நாடியிலே குருதி விசையோடு பாய்கிறது. ஆனால் நாடி ஆழத்தில் இருப்பது. நாளமோ தோலின் கீழே பச்சை நிறமாய்க் கண்ணுக்குத் தெரிவது; ஊசி ஏற்றுவதற்கு எளியது; ஆனால் அதன் சுவர் மெல்லியது, அதிலே ஓடும் குருதியும் குறைவு. சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் குருதி வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு இதனைக் கணக்கிட்டால் 72 லீற்றர் ஆகும். நம் உடலிலுள்ள குருதியோ ஏறத்தாழ ஐந்து லீற்றர்தான். அந்த ஐந்து லீற்றரே பன்முறை வெளியே சென்று தூய்மை பெற்று மீள்கிறது.

தீவகத்தில் வாழ்வோருக்கு இதனை விளக்குவது கடினமன்று. ஊற்றுக் குறைந்த கிணற்றிலே துலாவினால் மெல்ல மெல்ல இறைத்தால் நீர் கிடைக்கும். இறைப்பு இயந்திரத்தை வைத்தாலோ சிறிது நேரத்தில் நீர் வற்றி, இயந்திரம் காற்றை இழுக்கும். கையின் சாதாரண நாளம் அத்தகைய கிணறு. இயந்திரத்தின் இழுப்புக்கு அது ஈடுகொடாது. ஆழத்திலுள்ள நாடியில் வாரந்தோறும் பெரிய ஊசி ஏற்றுவதும் இயலாத செயல். இந்த இடர்ப்பாடே மருத்துவ உலகை நீண்ட காலம் வருத்தியது.

நெதர்லாந்து நாட்டிலே, காம்பென் என்னும் நகரில், போர்க்காலத்தின் நடுவே 1943 ஆம் ஆண்டில் டாக்டர் வில்லெம் கோல்ஃப் என்பார் சுழலும் உருளை ஒன்றில் செலோபேன் குழாயைச் சுற்றித் தம் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். முதலாவது நோயாளி ஓர் இளம்பெண். சிகிச்சை அவருக்குப் பயனளித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதியதொரு குருதிக்குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு முறைகளின் பின்னர்த் திறப்பதற்குக் குழாய் எதுவும் எஞ்சவில்லை, சிகிச்சையும் நின்றது, அப்பெண் இறந்தார். இயந்திரம் பழுதுபடவில்லை, வழிதான் அடைபட்டது. நிலையான சிறுநீரக நோயாளருக்கு இச்சிகிச்சை உதவாதென்று அதன் பின்னும் பல ஆண்டுகள் எண்ணப்பட்டதற்கு இதுவே முதற்காரணம்.

1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஓர் உபாயம் கண்டார். டெப்ளோன் என்னும் வழுவழுப்பான பொருளாலான இரு சிறு குழாய்களை முன்கையின் நாடியிலும் நாளத்திலும் பொருத்தி, அவற்றைத் தோலுக்கு வெளியே ஒரு வளைகுழாயால் இணைத்துவிட்டார். சிகிச்சை வேளையில் அவ்வளைவைக் கழற்றி இயந்திரத்தோடு பூட்டுவர். முடிந்ததும் மீண்டும் இணைத்துவிடுவர். இம்முறையில் முதன்முதற் சிகிச்சை பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்பார் அதன்பின் பதினோராண்டுகள் உயிர் வாழ்ந்தார். சாவின் வாயிலில் நின்றவருக்கு இஃது எத்துணைப் பெரும் பேறு! எனினும் வெளியே கிடக்கும் குழாயிலே குருதி உறையும், கிருமி புகும், தவறுதலாகக் கழன்றால் குருதி பெருகும்.

குருதி வடிக்கும் வைத்தியம் நிலவிய பழைய நாளில், கத்தி தவறி நாடியையும் நாளத்தையும் ஒருங்கே துளைத்துவிடுவதுண்டு. அவ்வாறு இரண்டும் ஒட்டிக்கொண்டபோது நாளம் புடைத்துத் தடிப்பதையும், அவ்விடத்தில் ஓர் அதிர்வு எழுவதையும் வில்லியம் ஹண்டர் என்னும் வைத்தியர் 1757 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். முன்னாளில் விபத்தாக நேர்ந்த இவ்விணைப்பை வேண்டுமென்றே அமைத்தால் என்ன என்று நியூயோர்க் நகரிலிருந்த வைத்தியர்களான சிமினோவும் பிரெஸ்சியாவும் எண்ணினர். சத்திரசிகிச்சை நிபுணர் அப்பெல் 1965 ஆம் ஆண்டில் மணிக்கட்டின் அருகே நாடியையும் நாளத்தையும் தைத்து இணைத்தார். 1966 இல் அவர்களது கட்டுரை வெளியாயிற்று. அன்று அவர்கள் காட்டிய வழியே இன்றும் உலகெங்கும் முதலிடம் பெறுகிறது. வைத்தியசாலையில் இதனைப் பிஸ்டுலா என்று குறிப்பிடுவார்கள்.

இதன் தத்துவம் எளியது. நாடியின் விசைமிக்க குருதி நேரே நாளத்துள் பாய்வதால், நாளம் நாளடைவில் அகன்று, சுவர் தடித்து, ஊசியைத் தாங்கும் வலிமை பெறுகிறது. வற்றும் கிணற்றுக்குப் பெருவாய்க்காலை வெட்டிவிட்டது போன்றதே இது. நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றருக்குக் குறையாத ஓட்டம் அமையுமாயின் அது முதிர்ந்த வழி எனலாம். வெளியே குழாய் இல்லை. அந்நியப் பொருளும் இல்லை. நோயாளியின் சொந்த உடலே வழியாகிறது. ஒழுங்காகப் பேணினால் பல்லாண்டு உழைக்கும்.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. இவ்விணைப்பு முதிர்வதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை செல்லும். சிலருக்கு முதல் முயற்சி கைகூடாது. மற்றுமோர் இடத்தில் மீண்டும் செய்ய நேரும். நாளங்கள் மெலிந்தவர்களுக்குச் செயற்கைக் குழாய் ஒன்றைத் தோலின் கீழே பதித்து நாடியையும் நாளத்தையும் இணைப்பர். அது சில வாரங்களிலேயே பயன்படும். ஆனால் அடைபடுவதும் கிருமி தொற்றுவதும் அதிலே கூடுதலாகும். உடனடியாகச் சிகிச்சை வேண்டியவர்க்குக் கழுத்தின் பெருநாளத்தில் குழாயொன்றைச் செலுத்துவர். அன்றே உதவுவது அதன் சிறப்பு. கிருமி நேரே குருதியிற் கலப்பதற்கு இடமளிப்பது அதன் குறை. ஆபத்துக்கு உதவும் அவ்வழியை இயன்றவரை நிலையான வழியாக்கிக்கொள்ளாதிருத்தல் நன்று.

இங்கேதான் நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. சிறுநீரகத்தின் ஆற்றல் ஐந்திலொரு பங்குக்குக் கீழே இறங்கும் வேளையிலேயே வைத்தியர் இவ்விணைப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அவ்வேளையில் நோயாளி நடமாடுவார், உண்பார், தொழிலும் செய்வார். "இப்போது எனக்கு என்ன குறை? கையை வெட்டுவானேன்?" என்று தட்டிக்கழிப்பது மனித இயல்பு. நீரிழிவாலும் உயர் குருதி அமுக்கத்தாலும் சிறுநீரகம் தேய்வது ஓசையின்றி நிகழ்வதால் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறும். பின்னர் ஒருநாள் மூச்சு முட்டி, கால்கள் வீங்கி, அவசரமாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும்போது கழுத்துக் குழாயே எஞ்சிய வழியாகிறது. புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையே கடலை ஊடறுத்து ஒரு தாம்போதி உண்டு. நோயாளி கரையிலே காத்திருக்கும்போது அத்தகைய பாதையை அமைக்கத் தொடங்குவார் உண்டோ?

தீவக மக்களுக்கு இது பன்மடங்கு பொருந்தும். நெடுந்தீவிலுள்ள ஒருவர் படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடந்து குறிகட்டுவான் துறையில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைச் சேர வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அப்பயணமும் தடைப்படலாம். கழுத்துக் குழாயில் கிருமி தொற்றி நள்ளிரவிலே நடுக்கமும் காய்ச்சலும் கண்டால் அங்கே என்ன செய்வது? வைத்தியசாலை தொலைவில் இருப்பவர்க்கே உறுதியான வழி கூடுதலாக வேண்டும்.

வழியைக் காத்தல் அஃது அமைவதற்கு முன்னரே தொடங்குகிறது. சிறுநீரக நோயுடையார், பின்னர் இணைப்புக்கு வேண்டிய முன்கை நாளங்களிலே ஊசி ஏற்றாமல், இயன்றவரை புறங்கையிலிருந்து குருதி எடுக்குமாறு தாதியரைப் பணிவுடன் கேட்டுக்கொள்ளலாம். இணைப்பு அமைந்த பின்னர் அக்கையிலே குருதி அமுக்கம் பார்த்தலும், குருதி எடுத்தலும், சேலைன் ஏற்றுதலும் கூடா. அக்கையைத் தலைக்கு வைத்து உறங்கலாகாது. நீர் நிறைந்த வாளியை அதிலே தூக்கலாகாது. இறுகிய கடிகாரமும் காப்பும் அணியலாகாது. கேதாரகௌரி விரதக் காப்பு நூலைப் பெண்கள் இடக்கையிலே கட்டுவது வழக்கம். வலக்கைப் பழக்கமுள்ளோர்க்கு இணைப்புப் பெரும்பாலும் இடக்கையில்தான் அமையும். ஆதலின் நூலை மறுகையிலே கட்டும்படி குருக்களிடம் சொன்னால் இறைவன் கோபிக்கப் போவதில்லை.

நாள்தோறும் காலையில் இணைப்பின்மீது விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். பூனையின் முதுகைத் தொட்டாற் போன்றதோர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வே வழி திறந்திருப்பதன் அடையாளம். அது நின்றுவிட்டால் நாளைக்கென்று ஒத்திவையாது அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதமே வழியைக் கெடுத்துவிடக்கூடும். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல், விரல்கள் குளிர்ந்து வலித்தல் ஆகியவையும் உடனே அறிவிக்கத்தக்கவை. இணைப்பிலிருந்து குருதி பீறிட்டால் துணியை மேன்மேலும் சுற்றிக்கொண்டிருத்தல் பயன்தராது. கசியும் இடத்தின்மீதே விரலால் உறுதியாக அழுத்தி, கையை உயர்த்தி, விடாது அழுத்தியவாறே விரைந்து உதவி நாட வேண்டும்.

வீட்டார்க்கும் ஒரு பங்குண்டு. நோயாளியின் கையைத் தொட்டு அவ்வதிர்வை அறிந்து பழகுதல் சிறுவர்க்கும் இயலும். கண்பார்வை குன்றிய முதியவருக்குப் பேரப்பிள்ளை ஒருவர் காலைதோறும் அதனைத் தொட்டுப் பார்த்துச் சொல்வாராயின், அஃது எந்த மருந்துக்கும் குறைந்த உதவியன்று. நேயர்களே, உங்கள் சுற்றத்திலே எவருக்கேனும் இணைப்பை அமைத்துக்கொள்ளும்படி வைத்தியர் கூறியிருந்தால், அவருக்குத் துணிவு சொல்லி, காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்லுங்கள்.