தோட்டாவில் கொழுப்பு எதற்கு?

1857-ஆம் ஆண்டுப் புரட்சியைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். புதிய தோட்டாக்களில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டிருக்கின்றன என்ற செய்தி பரவியது, சிப்பாய்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள், கிளர்ச்சி மூண்டது. இவ்வளவும் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் ஒரு கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. தோட்டா என்பது வெடிக்க வேண்டிய பொருள். அதில் கொழுப்பைத் தடவுவானேன்?

இதற்கு விடை காண வேண்டுமானால் அந்தத் தோட்டாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவை கொஞ்சம் கருமருந்து, ஒரு துண்டு ஈயம், ஒரு சுருள் காகிதம். அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பம்பரம் போல் ஒரு குண்டு

பழைய துப்பாக்கிகளை வாய்வழியே கெட்டிப்பார்கள். முதலில் மருந்து, பிறகு உருண்டையான ஈயக் குண்டு. இவற்றைக் குழலின் வாயில் போட்டு நீண்ட கோலால் இடித்து இறுக்குவார்கள். எளிதாக இறங்க வேண்டும் என்பதற்காகக் குண்டு குழலைவிடச் சிறியதாக இருக்கும். ஆங்கிலேயப் படைகள் நெடுங்காலம் வைத்திருந்த ‘பிரௌன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் விட்டம் 0.75 அங்குலம், குண்டின் விட்டம் சுமார் 0.69 அங்குலம். சுடும்போது குண்டு குழலின் சுவரில் அங்குமிங்கும் மோதியபடி வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் உராய்ந்ததோ அதற்கேற்றபடி ஏதோ ஒரு திசையில் சுழன்று, வழி விலகிப் போகும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவரைக் குறிபார்த்து அடிப்பது அரிதாக இருந்தது.

இந்த விலகலுக்குக் காரணம் குண்டின் தாறுமாறான சுழற்சியே என்று விளக்கியவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். பீரங்கி இயலைப் பற்றிய அவருடைய நூல் 1742-இல் வெளிவந்தது. பின்னாளில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியியலாளராக இந்தியாவுக்கு வந்து, 1751-இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

தாறுமாறான சுழற்சிதான் குற்றவாளி என்றால், ஒழுங்கான சுழற்சியைக் கொடுத்தால் என்ன? சுழலாத பம்பரம் சாய்கிறது. சுழலும் பம்பரம் நேராக நிற்கிறது. குழலின் உட்சுவரில் திருகாணியின் புரியைப் போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்களை வெட்டிவிட்டால், குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறும். இவ்வாறு புரி வெட்டிய துப்பாக்கியே ரைபிள். ராபின்சுக்கு முன்பே வேட்டைக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் படைகள் எல்லாம் உடனே ரைபிளுக்கு மாறவில்லையே, ஏன்? குண்டு புரியைப் பற்ற வேண்டுமானால் குழலில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இறுக்கமான குண்டை வாய்வழியே உள்ளே செலுத்துவது பெரும்பாடு. எதிரி பாய்ந்து வரும்போது அதற்கு நேரம் ஏது?

அடியில் ஒரு குழி

உள்ளே போகும்போது குண்டு சிறியதாக இருக்க வேண்டும்; வெளியே வரும்போது பெரியதாக இருக்க வேண்டும். நடக்கக் கூடியதா இது?

நடக்கும். சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அதன் தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற ஒரு தோல் வாஷர் உண்டு. தண்டை அழுத்தும்போது காற்றின் அழுத்தம் கிண்ணத்தின் விளிம்பை வெளிப்புறம் தள்ளுகிறது. வாஷர் குழாயோடு ஒட்டிக்கொள்கிறது. காற்று பக்கவாட்டில் கசிவதில்லை.

இதே தத்துவத்தில், 1823 வாக்கில் நார்ட்டன் என்ற ஆங்கிலேயக் காப்டன் அடிப்பக்கம் குழிவான ஒரு குண்டை அமைத்தார். தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்புகளின் அடியில் செருகியிருந்த நெட்டி, ஊதும்போது விரிந்து குழலை அடைத்துக்கொள்வதைக் கண்டுதான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று சொல்வதுண்டு. 1849-இல் பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே, அடிக்குழியில் சிறிய இரும்புக் கிண்ணம் பொருத்திய கூர்முனைக் குண்டைப் புகழ்பெறச் செய்தார். ‘மினியே குண்டு’ என்று பெயர் பெற்றாலும் இது உருண்டை அன்று. அடியில் குடைந்த சிறு கூம்பு. மருந்து வெடித்ததும் எழும் வாயு, மெல்லிய ஈய விளிம்பை விரித்துப் புரிகளில் பதித்துவிடுகிறது.

இந்த வழியில் வந்ததுதான் 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள். அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம். குண்டின் விட்டம் முதலில் 0.568 அங்குலம். இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு! இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈயம் ஏன்?

குண்டுக்கு ஈயத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று. அது கனமானது, நீரைப்போல் 11 மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது. அது 327 டிகிரி செல்சியசிலேயே உருகுவதால் சாதாரண அடுப்பில் உருக்கி அச்சில் வார்க்கலாம். மூன்றாவது காரணமே முக்கியம்: அது மென்மையானது. தூய ஈயத்தில் நகத்தால் கீறினாலே கோடு விழும். மென்மை இல்லாவிட்டால் குண்டின் விளிம்பு விரியாது.

ஈய எழுத்து கோத்து அச்சடித்த அச்சகங்களின் எழுத்துகளும் ஈயத்தால் ஆனவையே. ஆனால் அவற்றில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்திருக்கும். கலப்பினால் உலோகம் கெட்டிப்படும். ஆறும்போது அதிகம் சுருங்காமல் அச்சின் ஒவ்வொரு மூலையையும் நிரப்பும். எழுத்துக்கு அது நல்லது. மினியே வகைக் குண்டுக்கு ஆகாது.

இன்றும் மேல்நாடுகளில் பழைய ரைபிள்களைப் போட்டிகளில் சுடுவோர் இருக்கிறார்கள். தங்களுக்கு வேண்டிய குண்டுகளைத் தாங்களே வார்த்துக்கொள்ளும் அவர்கள், தூய ஈயத்தையே தேடுவார்கள். வார்த்த குண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுப்பார்கள். எடை குறைந்த குண்டின் வயிற்றில் காற்றுக்குமிழி இருக்கிறது என்று பொருள். அதன் புவியீர்ப்பு மையம் அச்சிலிருந்து விலகியிருப்பதால், சுழலும்போது அது தள்ளாடும். அந்தக் குண்டு மீண்டும் உருக்கும் சட்டிக்கே போகும்.

ஒரு எச்சரிக்கை. ஈயத் தூசும் ஆவியும் நச்சு. குழந்தைகளின் மூளையைப் பாதிப்பவை. உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி உலோகத்தை நாலாபுறமும் வாரியிறைக்கும். இது வீட்டில் செய்து பார்க்கும் சோதனை அன்று.

மருந்து விட்டுச் செல்லும் அழுக்கு

இப்போது கருமருந்துக்கு வருவோம். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது அது. எரியும்போது எல்லாம் வாயுவாகிவிடும் என்று நினைக்கலாம். இல்லை. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற உப்புகளே அதில் பெரும்பகுதி. இவற்றில் ஒரு பகுதி வெண்புகையாகப் பறந்துவிடும். எஞ்சியது குழலின் சுவரில் கறையாகப் படியும். ஈரக் காற்றில் இந்தக் கறை இளகும். வறண்ட வெப்பத்தில் காய்ந்து ஓடு போல் இறுகும்.

முன்பு சொன்ன இடைவெளியை நினைத்துப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் கூட இல்லை. சில முறை சுட்டால் கறை அதை அடைத்துவிடும். அடுத்த குண்டு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் கொழுப்பு! குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பைத் தடவினால் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். கறையும் இறுகாமல் இளகியே இருக்கும். ஈயமும் சுவரில் ஒட்டாது.

ஆக, கொழுப்பு வீண் ஆடம்பரம் அன்று. ஏதேனும் ஒரு மசகு இல்லாமல் அந்த ரைபிள் வேலை செய்யாது.

கைக்கு வந்த தோட்டா

காகிதச் சுருளின் ஒரு முனையில் மருந்து, மறு முனையில் குண்டு. சிப்பாய் மருந்துப் பக்கத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டுவான். பிறகு தோட்டாவைத் தலைகீழாக்கி, கொழுப்புத் தடவிய குண்டுப் பக்கத்தை உள்ளே செருகுவான். கடிக்கும் முனை வேறு, கொழுப்பு முனை வேறு என்பது உண்மையே. ஆனால் கையில் பட்டது வாய்க்குப் போகாமல் இருக்குமா? தொடுவதே தீட்டு என்று எண்ணியவர்களுக்கு முனை எதுவானால் என்ன?

இந்த ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருந்தது. 1853-இல் சோதனைக்காக இத்தகைய தோட்டாக்கள் இந்தியாவுக்கு வந்தபோதே, கொழுப்பு எதனுடையது என்று உறுதி செய்யாமல் சிப்பாய்களிடம் கொடுக்கலாகாது என்று வங்காளப் படையின் கர்னல் டக்கர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை கவனிக்கப்படவில்லை. பின்னர் கல்கத்தாவில் தோட்டா செய்தபோதும், எந்த விலங்கின் கொழுப்பு வருகிறது என்று யாரும் அக்கறையோடு சோதிக்கவில்லை.

1857 ஜனவரியில் டம்டம்மில் வதந்தி எழுந்தது. அம்மாத இறுதியிலேயே, சிப்பாய்கள் தமக்கு விருப்பமான மசகைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. பிறகு, பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றது. இரண்டும் நல்ல தீர்வுகளே. ஆனால் காலம் கடந்தவை. அதற்குள் சந்தேகம் காகிதத்தின் மீதே தாவிவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப் படையினரில் 85 பேர் தோட்டாவை ஏற்க மறுத்தார்கள். அன்று நீட்டப்பட்டவை புதியவை அல்ல, அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்திவந்த பழைய தோட்டாக்களே! மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் எழுந்தது.

புரட்சிக்கு நாடு பிடித்தல், நிலவரி, சம்பளக் குறைவு என வேறு காரணங்கள் பல உண்டு. தோட்டா அவற்றில் ஒன்றே. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். இன்று அதே வகை ரைபிளைச் சுடுவோரில் பலர் தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்த மசகையே தடவுகிறார்கள். குண்டு தடையின்றி இறங்குகிறது. கறைக்கு வேண்டியது ஏதோ ஒரு மசகு. அது விலங்கின் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

குழலின் விட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை அளந்தார்கள். மருந்தின் எடையை அளந்தார்கள். அதைக் கையில் வாங்கப் போகிறவர் யார் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. நாளை நீங்கள் ஒரு பொருளை வடிவமைக்க நேர்ந்தால், இந்தக் காகிதச் சுருளை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.