மின்சார ஊசியும் மயக்க வைத்தியரும்

உடலைக் கிழிக்காமல், ஊசி வழியே மின்சாரம் செலுத்திக் கட்டியை அழிக்கும் சிகிச்சை இந்நாளில் பரவி வருகிறது. கத்தி இல்லை என்றவுடன் அபாயமும் இல்லை என்று ஜனங்கள் எண்ணிவிடுகிறார்கள். அவ்வெண்ணம் தவறானது.

நாஞ்சில் நாட்டாருக்குப் புற்றுநோய் புதிதன்று. எவரெஸ்ட் ஏற முயன்ற டாக்டர் ஸோமர்வெல் 1920-களிலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு நெய்யூரில் ரணசிகிச்சை செய்தார். அங்கிருந்த டாக்டர் ஆர் என்பவர், வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். புற்றைப் பற்றி உலகுக்குச் சொன்ன இந்நாடு, அதன் புதிய சிகிச்சையையும் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

மயக்க மருந்தின் புகழே ஒரு கட்டியோடு தொடங்கியதுதான். 1846 அக்டோபர் 16-ந் தேதி பாஸ்டன் நகரில், ஈதரால் மயங்கிய ஒருவரின் கழுத்துக் கட்டிக்கு வைத்தியர்கள் பலர் முன்னிலையில் சிகிச்சை நடந்தது. அதே நகரில் 1926-ல் டாக்டர் குஷிங், மின்சாரக் கருவியால் தலைக்கட்டியை அகற்றினார். அங்கேதான் சங்கடம் பிறந்தது. ஈதர் ஆவி பொறி பட்டால் தீப்பற்றும். குளோரோபாரம் தீப்பற்றாது, ஆனால் இருதயத்தை நிறுத்திவிடக் கூடும். அந்தக் குளோரோபார மரணங்களை ஆராய நம் ஹைதராபாத்திலேயே 1888-லும் 1889-லும் கமிஷன்கள் அமர்ந்தன. தீப்பற்றாத ஹாலோதேன் 1956-ல் வழக்கத்துக்கு வந்த பின்னரே பொறியின் பயம் குறையத் தொடங்கியது.

தீயின் பயம் தணிந்தது; மின்சாரத்தின் பயம் தணியவில்லை. ஈரல் கட்டியைச் சூட்டினால் அழிக்கும் முறையில், மின்சாரம் உடலைவிட்டு வெளியேறத் தொடையில் பட்டைகள் ஒட்டுகிறார்கள். பட்டை சரியாகப் படியாவிட்டால் தோல் வெந்துபோகும். மயங்கிக் கிடப்பவன் "சுடுகிறதே!" என்று கத்துவானா? அவனுக்கு வாயாகவும் கண்ணாகவும் மயக்க வைத்தியரே இருக்க வேண்டும்.

சூட்டை நம்பாத மற்றொரு முறை 2005-க்குப் பின் வளர்ந்தது. இதில் 3,000 வோல்ட் வரையுள்ள மின்துடிப்புகள், ஒவ்வொன்றும் வினாடியில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரமே பாய்ந்து, உயிரணுக்களின் மெல்லிய சவ்வைத் துளைக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் தசைகள் உதறும். உதறினால் ஊசி இடம் மாறும். ஆகையால் முழு மயக்கத்தோடு, தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் போதிய அளவில் கொடுத்து, மூச்சை இயந்திரத்தால் நடத்த வேண்டும். தவறான கணத்தில் பாய்ந்தால் இருதயத்தின் தாளம் கெடும். எனவே இருதயத் துடிப்பைக் கருவியால் கவனித்து, அதற்கிசைந்த கணத்திலேயே மின்சாரத்தை விடுகிறார்கள். கெட்ட தாளத்தைத் திருத்தும் கருவியும் பக்கத்திலேயே தயாராயிருத்தல் வேண்டும்.

நோயாளியின் கடமையும் உண்டு. மார்பில் இருதயக் கருவி பொருத்தியிருந்தால் முன்னரே சொல்ல வேண்டும். உண்டு வரும் மருந்துகளை ஒளிக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், இட்லி ஒன்றுதானே என்று உண்ணலாகாது. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலில் புகுந்தால் பிராணாபத்து.

பொதுத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஆஸ்பத்திரிக்கு இன்ன இயந்திரம் வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம். வந்ததும் மாலை போட்டுத் திறப்பு விழாவும் நடத்துகிறோம். அதன் அருகே நிற்கத் தேர்ந்த மயக்க வைத்தியர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. 2001 முதல் ஆசாரிப்பள்ளத்தில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. நெய்யூரின் மரபைப் பெற்ற இந்த ஜில்லா, இனி எழுதும் ஒவ்வொரு மனுவிலும் இயந்திரத்தின் பெயருக்கு முன் மயக்க வைத்தியரின் பெயரை எழுதட்டும்.