சிரிப்பின் திசையை மாற்றியவர்



தமிழ் நாடக ஆசிரியர் என்றதும் நாம் எண்ணுவது பெரும்பாலும் கற்றோரையே. பேராசிரியர் சுந்தரம்பிள்ளை, நீதிபதியாக விளங்கிய பம்மல் சம்பந்த முதலியார், நம் பேராசிரியர் கணபதிப்பிள்ளை என அந்த வரிசை நீளும். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவருக்கு அதில் இடமுண்டா? உண்டு என்பதே என் கருத்து. அவர்தாம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ரெனிஸ் மைதானத்திற் பந்து பொறுக்கிக் கொடுத்தார். நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றார். விற்கப் போன இடத்தில் மேடை அவரைப் பிடித்துக்கொண்டது. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். தம் ஊர்க் கோயில்களிற் கேட்டு வளர்ந்த வில்லுப்பாட்டை மேடைக்குக் கொண்டுவந்து, அதிலே காந்தியடிகளின் கதையைப் பாடினார். 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ போன்ற படங்களின் வழியே திரையிலும் தோன்றினார்.

கொட்டகைக் கூத்துப் பார்த்த நம்மவருக்குப் பபூனைத் தெரியாதிருக்காது. ராசாவும் ராணியும் உடை மாற்றும் இடைவெளியை நிரப்புவது அவன் வேலை. கதைக்கும் அவனுக்கும் பெரிய தொடர்பில்லை. சிரிப்புக்கு இலக்காவதும் பெரும்பாலும் எளியவனே: வேலைக்காரன், பட்டிக்காட்டான், எழுத்தறியாதவன். கிருஷ்ணன் இந்த இடைவெளியைத் தமக்குரியதாக்கினார். திரைப்படங்களில் தம் பகுதியைத் தாமே ஆக்கி, டி. ஏ. மதுரத்தோடும் தம் குழுவினரோடும் நடித்தார். நகைச்சுவை நடிகர் நகைச்சுவை ஆசிரியரானது இவ்வாறுதான்.

அவருடைய ஆக்கங்களுள் ‘கிந்தனார்’ காலட்சேபம் தலையாயது. உடுமலை நாராயணகவியின் துணையோடு உருவான இது, 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அறிந்தவர்க்கே இதன் நயம் முழுமையாக விளங்கும். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தனோ பட்டணத்துப் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். நந்தன் தீயில் மூழ்கித் தூய்மை பெற வேண்டியிருந்தது. கிந்தனுக்கு வாய்த்ததோ சாதி பாராமல் எல்லாரையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் ரயில். படித்து முடித்து, கல்வி அதிகாரியாக அவன் ஊர் திரும்புகிறான். இங்கே சிரிப்புக்கு இலக்காவது எளியவன் அல்லன். அவனைத் தடுத்த வழக்கங்களே.

இதன் அருமையை அறிய இங்கிலாந்தைச் சற்று நோக்கலாம். ஆங்கில மேடையிலும் நெடுங்காலம் தொழிலாளர் வேலைக்காரராகவும் கோமாளியாகவுமே வந்து போயினர். சல்ஃபோர்ட் நகரத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணான ஷீலா டிலேனி, தம் பத்தொன்பதாம் வயதில், 1958இல், அத்தகைய மக்களை நடுமேடையில் நிறுத்தியபோது அது புதுமையாகப் பேசப்பட்டது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கிந்தன் நம் திரைக்கு வந்துவிட்டான்.

இடையிலே பெருந்துயர் ஒன்றும் நேர்ந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி ஆயுள் தண்டனை பெற்ற அவர், 1947இல் விடுதலையானார். திரும்பி வந்தவரின் நகைச்சுவையிற் கசப்பு இல்லை. அவருக்குக் ‘கலைவாணர்’ பட்டம் வழங்கியவர், நம் கலையரசு சொர்ணலிங்கம் குருவாகக் கொண்ட அதே பம்மல் சம்பந்த முதலியார். கற்றோர் அரங்கின் முதல்வர், கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனுக்கு அளித்த அங்கீகாரம் அது. 1957இல், நாற்பத்தெட்டாம் வயதில், கலைவாணர் மறைந்தார்.

அவர் ஆக்கங்களிற் பலவற்றைப் படச்சுருள் காத்தது. நம் தீவகத்துப் பபூன்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அண்ணாவியாரின் கொப்பியில் ராசாவின் பாட்டு இருக்கும். பபூனின் பேச்சு பெரும்பாலும் இராது. அது அவ்வப்போது மேடையிற் பிறந்தது, ஆளோடு போய்விடுகிறது. ஊர்ப் பெரியவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை அந்தப் பேச்சுத்தான் சொன்னது. வேலணையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ அதனை நினைவில் வைத்திருக்கும் முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அதுவும் நாடக இலக்கியந்தான்.