விளையாட்டுத் துப்பாக்கியில் ஒரு பௌதிகப் பாடம்

மேசைமீது கரிய நிறத்தில் நீண்ட துப்பாக்கி ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பார்வைக்கு அது அமெரிக்காவின் ரெமிங்டன் 870 துப்பாக்கியேதான். ஆனால் அதில் வெடிமருந்து கிடையாது. ஜப்பானின் டோக்கியோ மருயி நிறுவனம் செய்த 'ஏர்சாஃப்ட்' வகை விளையாட்டுத் துப்பாக்கி அது. அதன் தரத்தை எப்படி மதிப்பிடுவது? பௌதிகத்தைத் துணைக்கு அழைப்போம், வாருங்கள்!

இதன் குண்டுகள் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டைகள். தோட்டா வடிவக் கூடு ஒன்றில் 30 உருண்டைகள் அடங்கும். முன்கைப்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால், அவை மூன்று உட்குழாய்களில் வந்து அமரும். விசையை அழுத்தியதும் வாயு பாய்ந்து மூன்றையோ ஆறையோ ஒரே சமயத்தில் வெளியே தள்ளும். எத்தனை என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். ஆறு செல்லும்போது வாயுவின் ஆற்றல் பலவாகப் பங்கிடப்படுவதால், ஒவ்வொன்றின் வேகமும் குறையும்.

வாயு எங்கே இருக்கிறது? கட்டைப்பகுதிக்குள் உள்ள சிறு தொட்டியில், திரவ வடிவில்! ஜப்பானில் இதற்குப் பெரும்பாலும் எச்.எஃப்.சி.-134ஏ பயன்படுகிறது. குளிர்சாதனங்களிலும் பயன்பட்ட பொருள்தான். இதன் ஆவியழுத்தம் 0 டிகிரி செல்சியஸில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு. 20 டிகிரியில் 5.7 மடங்கு, 30 டிகிரியில் 7.7 மடங்கு. எனவே ஒரே துப்பாக்கி கோடையில் வேகமாகவும், பனிக்காலத்தில் சோர்ந்தும் சுடும்.

இன்னொன்று: தொடர்ந்து சுட்டால் தொட்டி குளிர்ந்துவிடும். ஏன்? புறங்கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவி ஊதிப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகும் திரவம் தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. தொட்டியிலும் அதுவே நடக்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் குண்டின் வேகமும் குறையும்.

அடுத்து, பறக்கும் விதம். குழாயின் மேற்புறத்திலுள்ள ரப்பர் மேடு உரசுவதால் உருண்டை பின்னோக்கிச் சுழன்றபடி செல்கிறது. இச்சுழற்சி அதற்கு மேல்நோக்கிய விசை தந்து, விரைவில் கீழே விழாமல் தாங்குகிறது. இதுவே மாக்னஸ் விளைவு.

இனி முக்கியமான கேள்வி: இது ஆபத்தற்றதா? 2006-இல் ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய குண்டின் ஆற்றல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூலுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என வரையறுத்தது. 6 மில்லிமீட்டர் குண்டுக்கு இது ஏறக்குறைய 0.98 ஜூல். 0.2 கிராம் குண்டு என்றால், ½மவே² வாய்பாட்டின்படி (ம - நிறை, வே - வேகம்) வேகம் விநாடிக்கு 99 மீட்டர். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்! தோலில் பட்டால் வலிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி இன்றி இதைக் கையாளவே கூடாது.

தத்ரூபமான தோற்றத்துக்கும் மதிப்பெண் தரலாமா? 2014 நவம்பரில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில், ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியை வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் ஒருவர் சுட்டார், அவன் இறந்துபோனான். பொம்மை என்பதைக் காட்டும் ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. துப்பாக்கிக்குள் இருப்பது வாயுவா, வெடிமருந்தா என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியாது. மதிப்பிடும்போது இதையும் மறவாதீர்கள்.