முதல் மாதத்து யாத்திரை

கோழியை அடை வைத்த ஏழாம் நாள் இரவு முட்டைகளைச் சோதிப்பது மண்டூரில் எங்கள் அம்மம்மாவின் வழக்கம். குப்பி விளக்கின் முன்னே முட்டையைப் பிடித்து, விரல்களை வளைத்து வெளிச்சத்தை ஒடுக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். சிவந்த நூல்கள் சிலந்தியின் கால்களைப்போற் பரந்து தெரிந்தால் அம்முட்டை மீண்டும் கோழியின் வயிற்றின்கீழ்ப் போகும். வெறும் மஞ்சள் ஒளி மாத்திரம் தெரிந்தால் அது கூழ்முட்டை. அருகிற் குந்தியிருந்து பார்த்த எமக்கு ஒரு கேள்வி எழும். ஒரு கிழமைக்கு முன்னர் மஞ்சட் கருவும் வெண் கருவுமாய் இருந்த பொருளுக்குள்ளே இந்நூல்களை இழைத்தவர் யார்? கேட்டால், அம்மம்மா கந்தன் கோயிலிருக்கும் திசையை நோக்கிக் கைகூப்புவார். விடை அவ்வளவே.

இதே கேள்வியோடு இதே முட்டையை உடைத்துப் பார்த்தவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில். நாளுக்கு ஒரு முட்டையாகத் திறந்து பார்த்த அவர், மூன்று நாள் சென்றபின் வெண்கருவிடையே ஒரு குருதித் துளி துடிப்பதைக் கண்டு, அதுவே இதயமென்று எழுதிவைத்தார். ஆயினும் அவருக்குப்பின் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் ஐரோப்பிய அறிஞர் பலர், கருவினுள்ளே முழு உயிரும் மிகச் சிறிய வடிவில் முன்னரே அமைந்திருக்கிறது, அது பருப்பதே வளர்ச்சி என்று நம்பினர். 1759ஆம் ஆண்டில் காஸ்பார் பிரீட்ரிஷ் வொல்ப் என்னும் ஜெர்மானிய இளைஞர் கோழி முட்டையையே சான்றாகக் காட்டி அதனை மறுத்தார். உறுப்புகள் முன்னமே இருப்பன அல்ல, படிப்படியாகப் புதிதாய் உருவாகின்றன என்பது அவர் முடிபு. உருவாக்குவோர் யார் என்பதை அவரால் அன்று சொல்லக்கூடவில்லை. உருவாக்குபவை கலங்கள் என்பதும், அவை இடம்பெயர்ந்து நடந்தே உருவாக்குகின்றன என்பதும் பின்னர் தெரியவந்தவை.

கலம் என்ற சொல்லைப்பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உயிர்களின் மிகச் சிறிய அறையைத் தமிழகத்தார் செல் என்பர், உயிரணு என்பர். நம் இலங்கைப் பாடநூல்கள் கலம் என்றே வழங்குகின்றன. கலம் பாண்டமுமாகும், கப்பலுமாகும். வாவியின் மறுகரையிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து படகேறி மண்டூருக்கு வந்திறங்குவோருக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை. காரைதீவிற் பிறந்து, சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்கும் உழைத்த விபுலானந்த அடிகளின் நாட்டவர் நாம். சொல்லை நயந்து நிற்கும் இக்குற்றத்தை வாசகர் பொறுத்தருள்வர்.

இடப்பட்ட கோழி முட்டையின் மஞ்சட் கருமேல் ஒரு வெண்புள்ளி கிடக்கும். அது பல்லாயிரம் கலங்கள் பரந்த ஒரு சிறு வட்டத் தகடு. கோழியின் சூடு பட்டதும் அத்தகட்டின் இரு புறத்துக் கலங்களும் நடுவை நோக்கி நகரத் தொடங்கும். நடுவில் ஒரு கோடு தோன்றும். கோட்டை அடைந்த கலங்கள் மேற்பரப்பிலிருந்து உள்ளே அமிழ்ந்து, கீழே பரந்து, புதிய அடுக்குகளாய்ப் படியும். மேலடுக்குத் தோலும் நரம்புமாகும், இடையடுக்கு எலும்பும் தசையும் குருதியுமாகும், கீழடுக்குக் குடலாகும். முதல் நாளில் இது நடக்கிறது. மனிதக் கருவில் இதே நிகழ்ச்சி மூன்றாம் கிழமையில்.

அடுத்து நிகழ்வதை எம்மூர்ப் பெண்கள் பன்னால் இழைக்கும் பாயைக்கொண்டு விளக்கலாம். விரித்த பாயின் இரு ஓரங்களையும் தூக்கி வளைத்து ஒன்றோடொன்று சேர்த்தால் ஒரு குழல் அமையும் அல்லவா? கருவின் முதுகுப்புறத்துத் தகடு அவ்வாறே வளைந்து குழலாகிறது. பாயை மடிக்க இரு கைகள் வேண்டும். இங்கே கைகள் இல்லை. தகட்டிலுள்ள கலம் ஒவ்வொன்றும் சுருக்குப்பையின் வாயைக் கயிறு இறுக்குவதுபோலத் தன் மேல்முனையை இறுக்கிக்கொள்கிறது. நிமிர்ந்த செங்கல்லாய் இருந்தது ஆப்பு வடிவாகிறது. அத்தனையும் ஆப்பாகத் தகடு தானே வளைகிறது. அக்குழலே பின்னர் தலையில் மூளையாகவும் முதுகில் முண்ணாணாகவும் அமைவது. மனிதக் கருவில் கருத்தரித்த 28ஆம் நாளளவில் அதன் இரு முனைகளும் மூடிவிடும். மேல்முனை மூடாவிடின் மூளை உருப்பெறாது, பிள்ளை பிழைப்பதில்லை. கீழே மூடாவிடின் முதுகு பிளந்த குழந்தை பிறக்கும்.

பாயின் ஓரங்கள் கூடிய தையலிலிருந்து ஒரு கூட்டம் புறப்படுகிறது. இக்கூட்டத்தின் கதைதான் யாவற்றிலும் வியப்பானது. 1868இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கோழிக்கருவில் இதனை முதன்முதற் கண்டார். பிறந்த இடத்தில் தங்காமல் இக்கலங்கள் உடலெங்கும் நடக்கின்றன. சில தோலுக்கு நிறமாகின்றன. சில முக எலும்பாகின்றன. சில கழுத்துப்புறத்திலிருந்து இறங்கிக் குடலின் கடைசிவரை சென்று அதற்கு நரம்பாகின்றன. கலம் நடக்கும் விதம் எளிது. முன்னே ஒரு மெல்லிய பாதத்தை நீட்டும், தரையைப் பற்றும், பின்புறத்தை இழுத்துக்கொள்ளும். தரையென்பது அயற்கலங்கள் சுரந்து பரப்பிய நார்ப்படுகை. சில இடத்துப் படுகை அழைக்கும், சில இடத்துப் படுகை விலக்கும். 1953இல் இங்கிலாந்தில் அபர்குரொம்பியும் ஹேஸ்மனும் கோழிக்கருவின் இதயக் கலங்களை ஆராய்ந்து, ஒன்றையொன்று முட்டிய கலங்கள் அத்திசையில் மேலே செல்லாது நின்றுவிடுவதைக் கண்டனர். முட்டியது திரும்பி வெற்றிடம் தேடிப் போகும். கூட்டம் ஒரே இடத்திற் குவியாமற் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்டூர்த் திருவிழாவுக்கு வரும் சனத்தையும், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியாரையும் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அத்தனை பேரையும் நடத்திச் செல்லும் தளபதி எவருமில்லை. முன்னே போகிறவனின் முதுகு, கேட்கும் அரோகராச் சத்தம், காலடியிற் பழகிய தடம், இடித்தால் விலகும் மரியாதை, இவையே வழிகாட்டி. எனினும் உவமையை நீட்டக்கூடாது. அடியாருக்குப் போகுமிடம் தெரியும், கலத்துக்குத் தெரியாது.

எந்தக் கலம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிவது எங்ஙனம்? எல்லாம் ஒரே தோற்றமன்றோ? பிரான்சில் நிக்கோல் லெ துவாரென் என்ற அம்மையார் இதற்குக் காடையைத் துணைகொண்டார். காடையின் கலங்களின் கருவினுள்ளே, சாயமேற்றினால் தெளிவாகத் தெரியும் ஓர் அடர்ந்த பொட்டு உண்டு. கோழிக்கு அது இல்லை. 1969 தொடக்கம் அவர் காடைக்கருவின் முதுகுத் துண்டைக் கோழிக்கருவில் ஒட்டி, பொட்டுள்ள கலங்கள் போன வழியெல்லாம் தேடிப் பார்த்தார். காடையின் நிறம் படிந்த இறகுகளோடு கோழிக்குஞ்சுகள் பொரித்தன. குடல் நரம்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் அவ்வழியே உறுதிப்பட்டது. குடலின் கடைசியை எட்டுமுன் யாத்திரை நின்றுபோன பிள்ளைகள், ஏறத்தாழ 5000 பிறப்புக்கு ஒருவர், மலங்கழிக்க இயலாமற் பிறக்கின்றனர். நோய்க்கு ஹிர்ஷ்பிரங் என்று பெயர். சத்திரசிகிச்சை அவர்களைக் காப்பாற்றுகிறது.

மேலுதட்டின் கதையும் இதுவே. பல திசையிலிருந்து வளர்ந்து வரும் முகத்தின் கூறுகள் ஆறாம் ஏழாம் கிழமையளவிற் சந்தித்து ஒட்டவேண்டும். ஒட்டாதவிடத்து உதடு பிளந்திருக்கும். நம் ஊர்களில் அத்தகைய பிள்ளை பிறந்தால் தாயை நோக்கி ஒரு வினா எழும்: கிரகணத்தன்று வெளியே போனாயா? கத்தியைத் தொட்டாயா? ஒன்றும் செய்யவில்லையென்று அவள் சொன்னால் மறந்துவிட்டாள் என்பர். வாணாள் முழுதும் இப்பழியைச் சுமந்த தாயொருத்தியை யான் அறிவேன். சூரியனும் சந்திரனும் இதில் ஒன்றும் செய்யவில்லை. முதுகுக் குழல் மூடும் நாளிலோ, மாதவிலக்குத் தப்பி இரண்டு கிழமைதான் ஆகியிருக்கும். தான் கருவுற்றதையே அறியாத பெண்ணிடம் என்ன கணக்குக் கேட்பது? மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலிற் கருவிலிருக்கும் உயிர் தப்பவேண்டிய இடர்களை எண்ணத் தொடங்கியது முதல் மாதத்திலிருந்தே. நம் பராமரிப்போ வயிறு தெரிந்தபின் தொடங்குகிறது.

முதல் மாதத்துக்கான மருந்தின் வரலாறு நம் பக்கத்திலேயே தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இற் பம்பாய்க்கு வந்து, ஆலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளின் கடுமையான இரத்தச் சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி தொடர்ந்தது. ஈரலாற் குணமாகும் அந்நோய், மலிவான மார்மைட்டாலும் குணமாவதை 1931இல் அவர் வெளியிட்டார். ஆம், நம் வீடுகளிற் பாணிற் பூசியும் சுடுநீரிற் கரைத்தும் உட்கொள்ளும் அதே கரிய குழம்புதான். அதனுள் மறைந்திருந்த பொருள் 1941இற் பசளி இனக் கீரையொன்றிலிருந்து பிரிக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. முன்னர் இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய்மாரைக்கொண்டு ஏழு நாடுகளிலே 33 நிலையங்களில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 1991இல் வெளிவந்தது. கருத்தரிக்குமுன்பே இம்மருந்தை உட்கொண்டவரிடத்து முதுகுக் குழல் மூடாக் குறை 72 வீதம் குறைந்தது. எவ்வாறு குறைக்கிறது என்பது விஞ்ஞானத்துக்கு இன்றும் முழுதாக விளங்கவில்லை. எல்லாக் குறையையும் அது தடுப்பதுமில்லை. உதட்டுப் பிளவுக்கும் குடல் நோய்க்கும் இதே உறுதியைச் சொல்லமுடியாது.

பிள்ளை வேண்டுமென்று எண்ணும் பெண் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமேனும் முன்னதாகத் தொடங்கிப் பன்னிரண்டாம் கிழமைவரை நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் உட்கொள்ளவேண்டும் என்பது மருத்துவர் விதி. முன்னர் குறையுள்ள பிள்ளை பிறந்த தாய்க்கு அளவு பன்மடங்கு. அதை மருத்துவரே சொல்லவேண்டும். நம் ஊர்களிற் புதுமணத் தம்பதியரின் வீட்டுப் படலையைத் திறந்து வந்து பெயர் பதியும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இம்மாத்திரையைப்பற்றிக் கேட்கக் கூசும் பெண்கள் உளர். பிள்ளை உண்டாகுமுன் பிள்ளைக்கு மருந்து எதற்கென்று கேட்கும் மாமியாரும் உளர். உண்டானது தெரியும் நாளில் முதுகுக் குழல் பெரும்பாலும் மூடிவிட்டிருக்கும், அதற்காகத்தான் மாமி என்று மருமகளே சொல்லலாம்.