மண்ணுளியா, இருதலைப் பாம்பா?

கடலைக் காட்டில் மண்ணைக் கிளறும்போது சில நேரம் தடித்த, பழுப்பு நிறப் பாம்பு ஒன்று வெளியே வரும். எங்க பக்கம் வயசானவங்க அதை 'மண்ணுளி' என்பாங்க. இளவட்டங்கள் 'இருதலைப் பாம்பு' என்கிறார்கள். பாம்பு ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டாவது பெயர்தான் அதன் உயிருக்கு உலை வைக்கிறது.

மண்ணுளி என்பது அது வாழும் இடத்தைச் சொல்லும் பெயர். இளகிய மண்ணிலும் எலி வளையிலும் புதைந்து கிடக்கும். இருட்டியதும் எலி தேடிக் கிளம்பும். பிடித்த எலியைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். விஷம் கிடையாது. வெளியே முட்டையிடாமல் குட்டி போடும்.

இருதலை என்பது பார்வைக்கு வந்த பெயர். இதன் வால் கூராக இருக்காது, தலையைப் போலவே மழுங்கியிருக்கும். ஆபத்து வந்தால் தலையை உடம்புக்கு அடியில் மறைத்து, வாலைத் தூக்கிக் காட்டும். அடி வாலில் விழும், தலை தப்பும். இந்தத் தந்திரத்தைப் பார்த்துத்தான் இரண்டு தலை என்றார்கள். ஆறு மாசம் இந்தப் பக்கம், ஆறு மாசம் அந்தப் பக்கம் தலை என்பதெல்லாம் கதை. நக்கினால் குஷ்டம் வரும் என்பதும் அப்படியே. தொழுநோய் கிருமியால் வருவது, பாம்பால் அல்ல.

அறிவியலில் இதற்கு 'எரிக்ஸ் ஜானி' என்று பெயர். தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார் உயிரினங்களை ஆராய்ந்தவர். அவரைச் சிறப்பிக்க 1801இல் பாட்ரிக் ரஸ்ஸல் வைத்ததுதான் 'ஜானி' என்ற பெயர். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் இதே ரஸ்ஸலின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

அந்த விரியனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மண்ணுளியில் திட்டுத்திட்டாகப் புள்ளி உள்ள இன்னொரு வகையும் உண்டு. அதையும் கண்ணாடி விரியனையும் குழப்பிக்கொள்வது எளிது. புள்ளி தெரிந்தால் கிட்டப் போகாதீங்க, கையால் தொடாதீங்க.

இரண்டு தலை இருந்தால் அதிர்ஷ்டம், மருந்து, லட்சக்கணக்கில் விலை என்று சொல்லிக்கொண்டு தரகர்கள் ஊருக்குள் வருவார்கள். இல்லாத தலைக்கு ஏது விலை? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பணம் வராது, வழக்குத்தான் வரும்.

எலிக்கு விஷம் வைக்காத நமக்கு, கூலி கேட்காமல் எலி பிடிக்கும் வேலையாள் இது. வயலில் தென்பட்டால் அதன் வழியிலேயே விட்டுவிடுங்க. பிள்ளைகளுக்கு மண்ணுளி என்றே சொல்லிக் கொடுங்க.